வண்டி நின்ற பிறகும் இறங்காத அப்பா

முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும், அப்பாவின் வண்டியில் வந்துபோன தோழர் தோழிகளுக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வரை போனவன் நான் ஒருவன்தான் என்பதால், எழுதும் பொறுப்பை அக்கா என்னிடம் கொடுத்துவிட்டார். அப்பாவை எழுத்தில் கொண்டுவரும் அளவுக்கு நான் படித்திருக்கிறேனா என்று தெரியவில்லை. தெரிந்தவரை சொல்கிறேன்.

அப்பா பிறந்தது பென்னலூரில். நெல்லும் வேர்க்கடலையும் போட்ட குடும்பம். எட்டாம் வகுப்போடு நின்று ஏர் பிடித்தார், பிறகு டிராக்டர் ஓட்டினார். நிலம் கம்பெனிகளுக்குப் போனபோது ஹெவி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஓட்டப் போனார். சுங்குவார்சத்திரத்தில் ஆட்களை ஏற்றி ஒரகடத்தில் இறக்குவதும், அங்கே ஷிப்ட் முடிந்தவர்களைத் திரும்ப அழைத்து வருவதும் அவர் வேலை. தலை முழுக்க நரைத்த பிறகும் அதே ரோடுதான், அதே வேலைதான்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும், பிரேக் பிடிக்கத் தேவையான காற்று ஏறும்வரை அப்பா வண்டியை நகர்த்த மாட்டார். அது எல்லா டிரைவர்களும் செய்வதுதான். அப்பா மட்டும் அந்தக் காத்திருப்பை வீட்டுக்கும் கொண்டுவந்தார். வீட்டுக்கு எதிரே உள்ள காலி மனையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்த பிறகும் சீட்டை விட்டு இறங்க மாட்டார். ஸ்டியரிங்கில் கை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார். குறுக்கே புகுந்த வேன்காரன், லேட் என்று கத்திய ஆபீசர், யாராக இருந்தாலும் அவர் மனதை விட்டு அங்கேயே இறங்கிப் போய்விட வேண்டும். இன்ஜின் சத்தம் நின்றதும் அம்மா அடுப்பில் டீ வைப்பார். அது பொங்கும் நேரத்துக்கு அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். இடையில் யாரும் போய்க் கூப்பிடக் கூடாது. நான் ஓடப் பார்த்தால் அம்மா சட்டையைப் பிடித்து நிறுத்துவார்.

"அவரு இன்னும் ரோட்லதான் கீறாரு. வூட்டுக்கு வரட்டும்."

எங்கள் வீட்டுக்குள் ஒரு நாளும் ரோடு வந்ததில்லை.

ஆனால் வீடு மட்டும் வண்டிக்குள் போயிற்று. சின்ன வயதில் எனக்கு இழுப்பு. படுத்தால் மூச்சு முட்டும், அப்பா மேல் சாய்ந்துதான் தூங்குவேன். நான் விழித்துவிடாதபடி அசையாமல் உட்கார அவர் பழகிக்கொண்டார். அந்தப் பழக்கம்தான் அவர் வண்டி ஓட்டிய விதம். இரவு ஷிப்ட் முடிந்து ஏறும் பெண்கள் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்கள். ஸ்பீடு பிரேக்கரில் யார் தலையும் கம்பியில் இடிக்காதபடி ஏற்றி இறக்குவார். அந்த நிதானத்தைப் பார்த்து மாட்டுவண்டி என்றே பெயர் வைத்திருந்தார்களாம். "என்னண்ணே, மாட்டுக்கு வயசாயிருச்சா?" என்று கேட்டால், "மாட்டுக்கும் சேத்து ஓ.டி. போடச் சொல்லு, ஓடும்" என்பாராம். தென்காசிப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஒரு தங்கை, இறுதிச் சடங்கன்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எங்க ரூம்ல கூட அப்படி ஒறங்குனதில்ல அத்தை. அவுக வண்டியிலதான் நல்லா ஒறங்குவோம்."

அக்கா எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்ப்பவர். குழந்தை பிறந்து திரும்பப் போன புதிதில், லைன் நின்றதற்காக சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார். அன்று காலையில்தான் மாமியாரும், பிள்ளை உன் முகத்தையே மறந்துவிட்டான் என்று சொல்லியிருந்தார். பகல் ஷிப்ட் முடிந்து அக்கா நேராக இங்கே வந்து, அப்பா இன்னும் இறங்காமல் உட்கார்ந்திருந்த பஸ்ஸில் ஏறினார். வேலையை விடுகிறேன் என்றார். அடுத்த மூச்சில் அந்த வீட்டுக்கும் போக மாட்டேன் என்றார்.

"ரெண்டும் உன் இஷ்டம்மா. ஆனா இப்ப சொல்லாத. காத்து ஏறட்டும்."

"உனக்கின்னாப்பா. நான் இன்னா பஸ்ஸா?"

"பஸ்ஸுக்கே உக்காந்துகினு கீறேன். உனக்கு உக்கார மாட்டனா?"

அழுகையோடு சிரித்துவிட்ட அக்கா, முதல் சீட்டிலேயே படுத்துத் தூங்கிவிட்டார். அவர் எழும்வரை அப்பா ஸ்டியரிங்கின் முன்னால் இருந்தார். எழுந்த பிறகு அக்கா இரண்டையும் விடவில்லை. மாமாவிடம் பேசி, இருவர் ஷிப்ட்டும் ஒரே நேரத்தில் வராதபடி மாற்றிக்கொண்டார்கள். இன்று அக்கா லைன் லீடர். புதிதாக வந்த பெண் தப்பு செய்துவிட்டு நடுங்கினால், முதலில் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்கிறாராம்.

போன வருடம் ஒரு காலை, முதல் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு வந்து அப்பா வண்டியை நிறுத்தினார். அம்மா டீ வைத்தார். டீ பொங்கியது, அப்பா வரவில்லை. இன்றைக்கு ரோடு கொஞ்சம் ஜாஸ்தி போல என்று நினைத்து அம்மா டம்ளரை மூடி வைத்தார். ஆறிய டீயை மறுபடி சுடவைத்த பிறகுதான் போய்ப் பார்த்தார். அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. உயிர் இல்லை.

நொடியில் நின்ற இதயம், ஓடி வந்திருந்தாலும் ஆவதற்கு ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்னார். அம்மா ஏற்றுக்கொள்ளவில்லை. கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார் என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரகடத்தில் டிரெய்னியாகச் சேர்ந்த பிறகு, என் பைக் நிற்கும் முன்பே கதவைத் திறந்துகொண்டு வந்து, உள்ளே வா, உள்ளே வா என்று கையைப் பிடித்து இழுப்பார். அன்றைய எரிச்சலும் என்னோடு சேர்ந்து உள்ளே வரும். எங்களுக்கு நல்லதாக அப்பா விட்டுப்போன அந்த வழக்கமே அம்மாவுக்கு முள்ளாகிவிட்டதே என்று நானும் அக்காவும் பேசாத நாளில்லை. அந்தக் காலி மனையைப் பார்க்காமல் உள்ளே போக நானும் இன்னும் பழகவில்லை.

அப்பாவைத் தூக்கி இறக்கக் கை கொடுத்த தெருக்காரர்களுக்கும், அன்று ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்ற டிரைவர் நண்பர்களுக்கும், தூக்கக் கண்ணோடு வந்து வழியனுப்பிய ஹாஸ்டல் தங்கைகளுக்கும், அம்மாவைத் தனியாகத் தூங்க விடாத சித்திக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடன் இருக்கும்.

இந்த மலர் அச்சுக்குப் போகும் முன் நடந்த ஒன்றையும் சேர்க்கச் சொன்னார் அக்கா. ஷிப்ட் முடிந்து வந்த அவர் ஸ்கூட்டரை அணைத்துவிட்டு, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அம்மா கதவைத் திறந்தார். கூப்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றவர் உள்ளே போய் டீ வைத்தார். இரண்டு டம்ளரோடு போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார். இருவரும் அங்கேயே குடித்தார்கள்.

டம்ளரை வாங்கிக்கொண்டு அம்மா சொன்னார்: "ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாருடி. வூட்டுக்கு வந்துட்டுதான் போயிருக்காரு."