கசிவா, வெள்ளமா?

வல்லம் வடகாலில் தொழிற்சாலைகளுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறேன். போன மழையில் சாலையில் பெருகிய தண்ணீர் கடைக்குள் புகுந்து மூன்று தையல் மெஷின்கள் முழுகிவிட்டன. கடைக்குக் காப்பீடு இருந்ததால் தைரியமாக இருந்தேன்.

சேதத்தைப் பார்க்கக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் அளவுக்கு மீறித் தன்மையாகப் பேசினார். அதுவே எனக்கு உறுத்தியது. ஓர் ஆங்கிலப் படிவத்தை நீட்டி, "சும்மா ஃபார்மாலிட்டிம்மா, கையெழுத்து போடுங்க" என்றார். அவருடைய கட்டைவிரல் ஒரு வரியை மறைத்துக்கொண்டிருந்தது.

"வெரல எடுங்க சார், இன்னா எழுதிக்கீதுன்னு பாக்கணும்" என்றேன்.

"எல்லாத்துக்கும் சந்தேகமா? போட்டுக் குடு" என்று என் கணவர் சலித்துக்கொண்டார்.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'சுவரில் கசிந்த நீரால் சேதம்' என்றிருந்தது. என் பாலிசியில் வெள்ளத்துக்கு இழப்பீடு உண்டு, கசிவுக்குக் கிடையாது. படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நடந்ததைத் தமிழில் நானே எழுதிக் கையெழுத்திட்டேன்.

அப்படியும் நிறுவனம் மறுத்தது. ஏரி, ஆறு உடைந்து வந்தால்தான் வெள்ளமாம், சாலைத் தண்ணீர் வெள்ளமில்லையாம். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிட்டேன்.

விசாரணையில் அவர் நிறுவன அதிகாரியிடம், "வெள்ளம்னா என்னன்னு பாலிசியில எங்க இருக்கு, காட்டுங்க" என்றார். அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். எங்குமே இல்லை.

"பத்திரத்தை எழுதினது நீங்க. தெளிவில்லாத இடத்துல அவங்களுக்குச் சாதகமாத்தான் அர்த்தம் எடுக்கணும். அதுதான் நியாயம்" என்று சொல்லி, இழப்பீடு தரும்படி உத்தரவிட்டார்.

பணம் வங்கிக்கு வரும்வரை அதையும் நான் நம்பவில்லை.

இப்போது எந்தத் தாளையும் முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. நீட்டியவர் அவசரப்படுத்தினால் இரண்டாம் முறையும் படிக்கிறேன்.