கப்பல் முதலாளிக்குத் தெரியாது

அப்பா பிழைக்க மாட்டார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்த அந்த வருடத்தில்தான், எங்கள் இங்கிலீஷ் மிஸ்ஸுக்கு ஒன்பதாம் வகுப்பு முழுவதையும் விமர்சகர்களாக்கிவிட வேண்டும் என்று தோன்றியது. ஒரு பழைய ஆங்கில நாடகம், ஒரு கிராஃபிக் நாவல். இரண்டையும் படித்துவிட்டு, பிடித்தது எது, நம்ப முடியாதது எது என்று எழுதி, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றும் போட வேண்டும். அதுவரை எங்களுக்குத்தான் எல்லோரும் மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள். எப்போதோ செத்துப்போன ஒரு வெள்ளைக்காரருக்கு நாங்கள் மார்க் போடலாம் என்றதும் வகுப்புக்குத் தலைகால் புரியவில்லை. நான் வேறு யூடியூபில் சினிமா விமர்சனம் சொல்கிறவர்களின் பரம ரசிகை. யாருக்கும் மூன்றுக்கு மேல் கொடுப்பதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

எல்லோருக்கும் தெரியும் என்றேனே, அதில் அப்பா சேர்த்தி இல்லை. அவர் துறைமுகத்தில் கப்பல்மேல் அடுக்கிய கண்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டும் வேலையில் இருந்தார். வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, அம்மாவையும் மாமாவையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள். கட்டி, பரவிவிட்டது, இனி செய்வதற்கு அதிகம் இல்லை. அப்பாவிடம் அல்சர் என்று மட்டும் சொல்லும்படி அம்மா டாக்டரைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். என்ன வியாதி என்பது பால்காரர் வரைக்கும் தெரிந்திருக்கும், படுத்திருப்பவருக்கு மட்டும் தெரியாது.

அம்மா ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியிலிருந்து திரும்ப ஏழு மணியாகும். பள்ளி விட்டு வந்ததிலிருந்து அதுவரை அப்பாவுடன் நான்தான் இருக்க வேண்டும். அதனால்தான் என்னிடம் சொன்னாள். "வாய் தவறி எதையும் சொல்லிடாதடி. தெரிஞ்சுதுன்னா மனுசன் அன்னிக்கே ஒடஞ்சுடுவாரு. அப்பறம் இருக்கற நாளும் இல்லாமப் பூடும்" என்றாள். அழுகை வந்தால் தெருமுனை வரைக்கும் போய் அழுதுவிட்டு வரச் சொன்னாள். நான் அப்படியே செய்தேன். துறைமுகத்துக்குள் போகக் காத்துநிற்கும் கண்டெய்னர் லாரிகள் எங்கள் தெருமுனையில் எப்போதும் வரிசையாக நிற்கும். அவற்றின் இரைச்சலில் எவ்வளவு அழுதாலும் யாருக்கும் கேட்காது. என் ஒரு சொல்லில் அப்பாவின் உயிர் இருக்கிறது என்று நம்பினேன். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவோ அல்சர்காரராகவே நடமாடினார். இட்லியில் காரப்பொடி இல்லை என்று சண்டை போட்டார். தெருப் பம்ப்பின் வாஷரைக் கழற்றி மாட்டினார். மறுநாள் அதையே கழற்றி மாட்டும்படி அம்மாவிடம் சொன்னார், இரண்டாவது தடவை அவள் சரியாகச் செய்ததும் விட்டார். கோயிலில் புனித வெள்ளியன்று நடக்கும் ஏசுவின் பாடுகள் நாடகத்தில், ஈட்டி பிடிக்கும் ரோமைச் சிப்பாய் வேடம் வருடா வருடம் அவருக்குத்தான். அந்தத் தகர மார்புக் கவசத்தையும் சிவப்புத் துணியையும் பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார். "ஒடம்பு எளச்சுட்டேன் மாமு. இந்தத் தபா நீ போட்டுக்கோ, எனக்கு லொடலொடன்னு கீது" என்றார். அளவு சரியில்லை என்றால் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று நான் நினைத்தேன்.

வகுப்புக்கு ஒரே ஒரு கிராஃபிக் நாவல்தான் இருந்தது. என் முறைக்கு வந்தபோது பார்த்தால் அதில் ஒரு வார்த்தைகூட இல்லை, வெறும் படம். ஒரு சின்னப் பெண் வீட்டுக்குள் விளையாடிக்கொண்டே இருக்கிறாள், பக்கம் பக்கமாக அதுதான். கதையும் இல்லை, வசனமும் இல்லை, ஒரு நட்சத்திரம் என்று எழுதப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா அதை வாங்கிப் புரட்டினார். இங்கிலீஷ் வராதவருக்கு அதைவிட வசதியான இங்கிலீஷ் புத்தகம் கிடைக்காது. ஒரு பக்கத்தைக் காட்டி, "செவுத்துல கடியாரம் இருந்துதில்ல, இப்ப எங்க?" என்றார். அடுத்த பக்கத்தில் விளக்கு இல்லை. அதற்கடுத்ததில் தொட்டிலும் இல்லை.

"வூட்ட காலி பண்றாங்கடி. கொயந்த வெளையாடட்டும்னு ஒண்ணொண்ணா, அதுக்குத் தெரியாம" என்றார்.

நான் இரண்டு நட்சத்திரமாக உயர்த்தினேன். அப்பா புத்தகத்தை மூடாமல் கடைசிப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபத்து அந்த ஆங்கில நாடகத்தில் இருந்தது, அது எனக்குப் பாதியில்தான் தெரிந்தது. அப்பாவுக்குப் பொழுது போகவில்லை என்று தினமும் ஒரு அங்கமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு வியாபாரி. அவருடைய கப்பல் நடுக்கடலில் மூழ்கிவிட்டது. சேதி மனைவிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், வேலைக்காரனுக்கும் தெரியும். அவர் தாங்கமாட்டார் என்று எல்லோரும் மறைக்கிறார்கள். அவரோ கப்பல் வந்ததும் விருந்து வைக்க வேண்டும் என்று ஆட்களை விரட்டிக்கொண்டிருக்கிறார். மூன்றாம் அங்கம் சொல்லும்போதுதான் நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. நிறுத்தலாம் என்றால் அப்பா விடவில்லை, "அப்பறம் இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேறு கதையாக மாற்றிச் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை.

கடைசிக் காட்சியையும் சொன்னேன். கப்பல் வரும் நாள் என்று அந்த வியாபாரி துறைமுகத்துக்குக் கிளம்புகிறார். வாசலில் நின்று, தன் நல்ல மேல்கோட்டைக் கழற்றி வேலைக்காரனுக்குப் போட்டுவிடுகிறார். வெறும் சட்டையோடு நடந்து போகிறார். திரை விழுகிறது.

"பாவம் நைனா, அவுருக்குக் கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது. மிஸ்ஸு சொன்னாங்க" என்று அவசரமாக முடித்தேன்.

அப்பா சிரித்தார். "ஒரு கப்பல் எங்க கீது, ஏன் வரலன்னு ஆர்பர்ல டீ விக்கறவனுக்கே தெரியும். அதோட மொதலாளிக்குத் தெரியாதா? நெசமாலுமே கப்பல் வருதுன்னு நம்பறவன் நல்ல கோட்ட எதுக்குக் கய்ட்டிக் குடுத்துட்டுப் போறான்?"

"அப்ப ஏன் தெரிஞ்ச மாரி காட்டிக்கல?" என்றேன்.

"அவுங்க அவ்ளோ கஸ்டப்பட்டு மறச்சுகினு கீறாங்க. அந்த வேல இருக்கறதாலதான் அயுவாம ஓடுது அவுங்களுக்கு. அத்தப் போய்ப் புடுங்குவானா?" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"பாடத்துல அப்டி இல்ல நைனா" என்றேன்.

அவர் கையை நீட்டி என் ரிப்பனை இழுத்துச் சரிசெய்தார். அப்புறம், "சரி, மிஸ்ஸு சொன்ன மாரியே எய்து. மார்க்கு வோணும்ல" என்றார்.

நானும் அப்படியே எழுதினேன். வியாபாரிக்குக் கடைசி வரை எதுவும் தெரியாது, ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒருவருக்குத் தெரியாமலிருப்பது நம்பும்படி இல்லை, ஆகவே இரண்டரை நட்சத்திரம். மிஸ் அதை வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்லிப் பாராட்டினார். புனித வெள்ளியன்று பக்கத்து வீட்டு அண்ணன் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, பார்ப்பதற்கு அப்பா இல்லை.

ஆனால் எனக்கு நிலைத்திருப்பது, நான் விமர்சனத்தை எழுதி முடித்த அந்தச் சாயங்காலம்தான். அம்மா வேலையிலிருந்து வந்து, சமையலறையில் சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் சமையலறைக்கும் அப்பாவின் கட்டிலுக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். நான் அவள் பக்கத்தில் குந்தி, அவள் காதோரமாக, "நைனாவுக்கு ஒண்ணுமே தெரியலம்மா. நான் பேச்சுக் கொடுத்துப் பாத்துட்டேன்" என்றேன். அம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டாள். கையெல்லாம் மீன் செதில், அதனால் முழங்கையால் என் தலையைத் தன் பக்கம் அணைத்துக்கொண்டாள். இத்தனை நாள் சுமந்ததை எங்கும் சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்ட பெருமை எனக்கு. அன்றைக்குத்தான் பல நாள் கழித்து எனக்குப் பசித்தது.

திரைக்கு அந்தப் பக்கம் அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார். ஏதோ சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரத்துக்குப் போய் யாராவது சத்தத்தைக் கூட்டுவார்களா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.