கொசுவுக்குப் பிடித்த ஆள்

சலூன்காரர் வலது காலை ஊன்றிக்கொண்டு இடது பாதத்தால் கெண்டைக்காலைத் தேய்க்கிறார். கையில் சவரக்கத்தி, அதன் கீழே வாடிக்கையாளரின் தொண்டை. அடிக்கவும் முடியாது, சொறியவும் முடியாது. கத்தியைக் கீழே வைத்த பிறகுதான் கேள்வி வரும்.

"உங்களைக் கடிச்சுதா சார்?"

"இல்லையே."

"அதானே! கடை பூரா ஆள் இருக்கு, பந்தி மட்டும் என் கால்ல!"

ஏன் தன்னை மட்டும் என்ற கேள்வியை சலூன்காரர் லேசில் விடுவதாக இல்லை. நாற்காலியில் உட்காருபவர்களிடமெல்லாம் ரத்த வகையை விசாரிப்பார். சோப்பை மாற்றிப் பார்த்தார். பச்சைப் பூண்டு தின்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டது வாடிக்கையாளர்கள்தான், கொசு அல்ல. அடர்ந்த நிறத்துக்குக் கொசு அதிகம் வரும் என்று யாரோ சொல்ல, வெள்ளைச் சட்டைக்கு மாறினார். கொஞ்சம் குறைந்தது. "பாதிப் பேருக்கு அட்ரஸ் தெரியல போல" என்றார்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவியை மட்டும், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், ஒரு கொசுவும் சீண்டாது. "உங்க ரத்தம் பாயசம், என் ரத்தம் கஷாயம்" என்று கேலி செய்வாள்.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அவள் கர்ப்பமானாள். ஒரு சாயங்காலம் இருவரும் மொட்டைமாடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது, தன் காலில் ஒரு கடிகூட இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

"பார்த்தியா, என்னை விட்டுடுச்சு!"

அவளோ முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். கை முழுக்கத் தடிப்பு.

தெருவில் இரண்டு வீட்டில் டெங்கு. மறுநாளே ஆஸ்பத்திரியில் நர்ஸைப் பிடித்துக்கொண்டார்.

"மாசமா இருக்கிறவங்க மூச்சு அதிகமா விடுவாங்க, உடம்பும் சூடா இருக்கும். கொசு அதைத் தேடித்தான் வரும். ஒவ்வொருத்தர் தோல் வாசனையும் வேற வேற. முழுக்கைச் சட்டை போடச் சொல்லுங்க, தண்ணி தேங்க விடாதீங்க."

ஜன்னல்களுக்கு வலை அடித்தார். பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்தார். ஆனால் அந்தி சாய்ந்தால் மாடிக் காற்று இல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை.

அன்று கடையை மூடிவிட்டு வந்தவர் குளிக்கவில்லை. மூன்று மாடிப் படிகளையும் ஓடி ஏறி, இறங்கி, மறுபடி ஏறினார். வியர்வை சொட்ட, மேல்மூச்சு வாங்க அவளருகே வந்து உட்கார்ந்தார்.

"யாராவது துரத்துறாங்களா?"

"மூச்சு விடுறேன். அதுங்க இந்தப் பக்கம் வரட்டும்."

அவளுக்குப் புரிந்தது. "உங்களுக்குக் காய்ச்சல் வந்தா?"

"எல்லாம் நம்ம பழைய கஸ்டமர்தான், விடு."

சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு, அவள் கையின் பக்கத்தில் தன் கையை வைத்தார். ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. அது குடித்து முடித்துப் பறக்கும்வரை அவர் கையை ஆட்டவில்லை.