கழிப்பறையில் தொங்கிய அரசர்

என் நண்பனின் குடும்பம் நொடிந்துபோய்விட்டது என்று பத்து வயதில் நான் மனமார நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. அதற்காக அழுதும் இருக்கிறேன், அதுவும் ஒரு கழிப்பறைக்குள் குந்திக்கொண்டு.

அவனை ஒஸ்லோவில் சதுரங்க வகுப்பொன்றில் பிடித்தேன். அவன் தகப்பனுக்குக் கட்டட வரைபடம் செய்யும் பெரிய கம்பனி சொந்தம். என் அப்பா யாழ்ப்பாணத்தில் கட்டடப் படவரைஞர். ஒஸ்லோவில் ஹோட்டலில் கோப்பை கழுவினார். அந்த மனிதரிடம் வேலை கேட்டுவிட வேண்டும் என்பது நகரோரப் புருசெத்தில் இருந்த எங்கள் வீட்டின் ஒரே கனவு. வகுப்பு முடிந்து என்னைக் கூட்டிப்போக அப்பா கோட்டும் கழுத்துப்பட்டியுமாக வருவார். அந்த மனிதரைக் கண்டதும் பனியைப் பற்றி ஒரு வசனம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்.

அப்படியிருக்க, நண்பன் தங்கள் மலைவீட்டுக்கு என்னை அழைத்தான்.

“அந்தாள் வேலை கேக்கக்கூடிய குணத்தில இருக்கிறாரோ எண்டு பாத்துக்கொண்டு வா,” என்றார் அப்பா. அம்மா என்னை உடுத்திவிட்டு, கலியாண வீட்டு மாப்பிள்ளைத் தோழனாக்கி அனுப்பினார். மாளிகை ஒன்றை எதிர்பார்த்துப் போனேன்.

மரக் குடில். மின்சாரம் இல்லை. தண்ணீரை ஏரியிலிருந்து வாளியில் சுமந்தோம். கம்பனி முதலாளி முழங்கை கிழிந்த கம்பளிச் சட்டையோடு விறகு கொத்தினார். சாப்பாடு பாணும் மண்ணிறப் பாற்கட்டியும். நான் அரைத் துண்டோடு எழும்பிவிட்டேன்; நாளைக்கு அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டுமே. இதில் பெரிய குழப்பம், எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

கழிப்பறை வெளியே இருந்தது. பலகையில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். எதிர்ச் சுவரில் நாட்டின் அரசரும் அரசியும் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளிருந்து என்னையே பார்த்தார்கள். அரசரை மாட்டக்கூட வேறு சுவர் இல்லாத நிலைமை. அப்பாவின் வேலையும் இந்த ஓட்டைக்குள்தான் போயிற்று என்று தோன்றியதும் அழுகை வந்துவிட்டது. மாட்சிமை தங்கியவர்களின் முன்னால், காற்சட்டை கணுக்காலில் கிடக்க, விக்கி விக்கி அழுதேன்.

வீடு திரும்பியதும் சொன்னேன்: “அப்பா, அவையள் நொடிஞ்சு போச்சினம்.”

“ஆரடா சொன்னது?”

“நான் கண்டனான். கரண்டும் இல்லை, பைப்பும் இல்லை. அந்தாளே விறகு கொத்துறார்.”

“பாவங்கள், பிள்ளைகுட்டிக்காரர்,” என்றார் அம்மா. “ஒரு சட்டி கோழிக்கறி வைக்கிறன். கொண்டுபோய்க் குடுங்கோ.”

அடுத்த வகுப்பன்று அப்பா கழுத்துப்பட்டி கட்டவில்லை. பழைய ஜக்கெற்றும் கறிச்சட்டியுமாக வந்தார். நேரே போய் அந்த மனிதருக்குப் பக்கத்தில் இருந்து, சட்டியை அவர் மடியில் வைத்து, தோளில் கைபோட்டார். தனக்கும் ஒருமுறை எல்லாம் போனது, மனிதன் எழும்பலாம் என்று தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் ஆறுதல் சொன்னார். பிறகு பேனையை எடுத்து, ஊரில் தான் வரைந்த கட்டடங்களைத் தாளில் கீறிக் காட்டினார். கம்பனியை நிமிர்த்த ஆள் தேவையென்றால் தான் வந்து கீறித் தருவதாகவும் சொன்னார். அத்தனை மாதமாகக் கேட்க முடியாத வேலையை அவர் அன்றும் கேட்கவில்லை, உதவியாகக் கொடுத்தார். அந்த மனிதருக்கு ஆறுதல் விளங்கியதாகத் தெரியவில்லை. கீறியதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறிச்சட்டியை மடியிலிருந்து இறக்கவும் இல்லை.

அப்பா அங்கே வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த சில நாட்களில் ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கழுத்துப்பட்டியைத் தேடி எடுத்து அயர்ன் பண்ணத் தொடங்கினார். ஏன் என்று எனக்கு அன்று விளங்கவில்லை; அந்த நாட்டுப் பணக்காரர் மலைவீட்டில் விரும்பித்தான் அப்படி இருக்கிறார்கள் என்று பிறகுதான் அறிந்தேன்.

நாங்கள் தண்ணீர் அள்ளிய ஏரியும், சுற்றியிருந்த காடும், பின்னால் நின்ற மலையும் அவர்களுடையவை.