சன்னல் வழியாகப் போட்ட சான்றிதழ்கள்

போன வாரம் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் அண்ணன் மகன் எனக்கு வகுப்பு எடுத்தான். பஸ், கரண்டு, தண்ணீர் எல்லாவற்றையும் தனியாரிடம் கொடுத்துவிட்டால் நாடு உருப்பட்டுவிடுமாம். முப்பது வருடம் அரசுப் பள்ளியில் சம்பளம் வாங்கியவளிடம் இதைச் சொல்கிறோமே என்று அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கும் கவனம் அவனிடம் இல்லை. பக்கத்து வண்டியில் ஒருவர் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் துண்டு போட்டதில்லை. அதைவிடப் பெரிய காரியம் செய்திருக்கிறேன்.

முப்பது வருடத்துக்கும் முன்பு, ஆசிரியை வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கத் திண்டுக்கல்லுக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அசல் இல்லையென்றால் வேலையும் இல்லை. சேவுகம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். காலையில் அரசுப் பேருந்து நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஊர் வழக்கப்படி, கையில் இருந்ததைச் சன்னல் கம்பிக்குள் தள்ளி சீட்டில் போட்டேன். கையில் இருந்தது சான்றிதழ் பைல். அந்த வண்டியைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. மழை வெளியே நின்றாலும் உள்ளே நிற்காது. அந்த நேரம் பார்த்துத் தனியார் பேருந்து பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. முன்னாடி போகிற வண்டி என்று கண்டக்டர் கூப்பிட்டார், ஏறிவிட்டேன். மெத்தை சீட்டு, காற்று, பிடித்த பாட்டு. செம்பட்டி தாண்டித்தான் மடி காலியாக இருப்பது தெரிந்தது.

அழாத குறையாகக் கண்டக்டரிடம் சொன்னேன். நல்ல மனிதர், ஆறுதல் சொன்னார்.

"அந்த வண்டி வரும்மா. எப்பவும் நமக்குப் பின்னாடிதான வரும்."

ஆறுதலிலும் ஒரு பெருமை. திண்டுக்கல்லில் என்னை இறக்கிவிட்டு, டைம் ஆகிவிட்டதென்று போய்விட்டார்.

ஒன்பதே முக்காலுக்கு அந்த அரசுப் பேருந்து வந்தது. படிக்கட்டு வரை ஆட்கள். மூன்றாவது சீட்டில் மட்டும் என் பைல் தனியாக உட்கார்ந்திருந்தது. சாமான் போட்ட இடத்துக்கு ஆள் வழியில் ஏறும் என்று அந்த வண்டிக் கண்டக்டர் யாரையும் உட்கார விடவில்லையாம். கையை நீட்டினேன். தரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அப்பா பெயர், பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சான்றிதழோடு ஒத்துப் பார்த்தார். மணியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன். கணக்கில் முப்பத்தெட்டு மார்க்குத்தானா என்று பேருந்துக்கே கேட்கும்படி வேறு கேட்டார். பிறகுதான் கொடுத்தார்.

"காயிதத்த உக்கார வச்சு, மனுசங்கள நிக்க வச்சுக் கூட்டியாந்துருக்கேன். ஓடு, வேலைய வாங்கிட்டு வா."

ஓடினேன். வாங்கினேன். அதிலிருந்து அரசுப் பேருந்தைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வேலைக்குப் போன வருடங்களில் பெரும்பாலும் பாட்டுப் போடுகிற வண்டியில்தான் போனேன்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அண்ணன் மகன் சிரித்தான்.

"அந்தப் பஸ்ஸு இப்ப எங்க ஓடுது, அத்தை?"

நிறுத்திவிட்டார்கள். வசூல் இல்லையாம். எப்படி இருக்கும்? ஊரே என்னைப் போலத்தான் இருந்தது. போட்டிக்கு வண்டி இல்லையென்றானதும் தனியார் பேருந்தும் ஊருக்குள் வருவதை விட்டுவிட்டு மெயின் ரோட்டோடு போகிறது. இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வேலை தேடிப் போக மெயின் ரோடு வரை நடக்கிறார்கள். அவர்களை நடக்க வைத்தவர்களில் நானும் ஒருத்தி.