பாட்டில் இல்லாத வளவு

என் மாமா பிற்காலத்தில் வானொலியில் பாடினார், மன்னாரில் மேடையேறினார், மாலையும் பொன்னாடையும் வாங்கினார். ஆனால் அவருடைய பாட்டை முதன்முதலில் மதித்துக் கேட்டது அரசாங்கம்தான். அதுவும் காணி பதிகிற வேலைக்கு.

சண்டை முடிந்து, இந்திய அகதி முகாமிலிருந்து, மன்னாரில் அரிப்புக் கிராமத்துப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்குத் திரும்பியபோது எனக்கு ஒன்பது வயது. ஊர் என்று சொல்ல ஒரு கோயில் சுவர் நின்றது. மிச்சமெல்லாம் உடைமரக் காடு. வேலியும் இல்லை, வாசல் படலையும் இல்லை, கிணறுகள் தூர்ந்து கிடந்தன. எது யாருடைய வீட்டுக்காணி, எது யாருடைய வளவு என்று காலையில் தொடங்கிய வாய்ச்சண்டை மத்தியானம் கைகலப்பாகும் போலிருந்தது. காணி பதிய வந்த கிராம அலுவலர், ஊருக்குப் புதிய விதானையார், "நீங்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டாத்தான் நான் எழுதுவன்" என்று புத்தகத்தை மூடிவிட்டார்.

அப்போதுதான் யாருக்கோ மாமாவின் பாட்டு நினைவு வந்தது. மாமா, அம்மாவின் தம்பி. இளந்தாரியாகத் திரிந்த காலத்தில், கோயிலடியிலிருந்து கடற்கரை வரை, வரிசை பிசகாமல் வீடு வீடாக நையாண்டி செய்து ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். அதற்காகக் கோயில் பங்குச் சுவாமியாரிடம் அவர்மேல் முறைப்பாடும் போயிருக்கிறது. அன்றைக்குத் திட்டித் தீர்த்தவர்களே இப்போது, "தம்பி, அதை ஒருக்காப் பாடுங்கோ" என்று கும்பிடாத குறையாக நின்றார்கள்.

மாமா பாடிக்கொண்டு முன்னே நடந்தார். ஆண்கள் கத்தியோடு பின்னால் பற்றை வெட்டிக்கொண்டு போனார்கள்.

கோயிலடி முதல் வளவில் சம்மாட்டியார் குறட்டை – அதைக்
கேட்டுத்தானே கரை திரும்பும் கடலில் போன தோணி!

"ஓம் ஓம், அது நான்தான்" என்று தோணி முதலாளியான சம்மாட்டியார் கையைத் தூக்கினார். ஒருகாலத்தில் இதே வரிக்காக மாமாவைத் துரத்தித் துரத்தி அடிக்க வந்தவர் அவர்.

அடுத்து மாமா பாட்டில் தையல்காரர் வீட்டுக்குத் தாவினார். இரண்டுக்கும் நடுவே இருந்தது எங்கள் வீடு. அதற்கும் பாட்டு இருந்தது. தன்னுடைய தேங்காய்ப்பால் சொதியில் உப்பில்லை என்று தம்பி பாடியது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. முகாமில் வைத்து, இனி அதைப் பாடுவதில்லை என்று மடுமாதாமேல் சத்தியம் வாங்கிவிட்டார். எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

"பாட்டில இல்லாத வீட்டுக்கு ஏது வளவு? சம்மாட்டியாருக்குப் பக்கத்தில நாங்கள்தான்" என்றார் தையல்காரரின் மனைவி. விதானையார் பேனையைத் திறந்தார். வளவு போனால் அரசாங்கம் வீடு கட்டித்தரும் வீட்டுத்திட்டமும் போகும், பிறகு காலம் முழுக்கக் கூடாரம்தான்.

"பாடடா" என்றார் அம்மா.

"நீங்கள் விட்டாலும் மாதா விடமாட்டா, அக்கா. சத்தியம் என்ர வாய்க்குத்தானே? நீங்கள் பாடுங்கோ."

அம்மா ஊரையே ஒரு முறை முறைத்துவிட்டுப் பாடினார்.

அடுத்த வளவில் அக்கா வைக்கும் சொதியில் உப்பில்லை – அதை
அமிர்தமெண்டு குடிக்கும் அத்தான் போல ஆருமில்லை!

முதல் வரிக்கு ஊரே சிரித்தது. சம்மாட்டியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டாவது வரியில் அம்மாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"எழுதுங்கோ ஐயா, அது அவையின்ர வளவுதான்" என்று சொன்னது தையல்காரரின் மனைவி.

பாட்டிலே வந்த அத்தான் என் அப்பா. நான் தவழத் தொடங்குமுன்பே கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அம்மா அத்தனை வருடமும் காதில் விழக்கூடாதென்று தடுத்து வைத்தது அந்த இரண்டாவது வரியைத்தான் என்பது எனக்கு விளங்கப் பல வருடம் பிடித்தது. அன்றைக்கு நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"அழாதேங்கோ அம்மா, இண்டைக்குச் சொதிக்கு நான் உப்புப் போடுறன்."