நர்சம்மா கொடுத்த ஆப்பிள் இனிப்பு

அறுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. உத்திரமேரூர் தாலுகாவில் காவாந்தண்டலம்தான் நான் வாழ்க்கைப்பட்ட ஊர். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. அதற்குப் பிறகு இரண்டு முறை உண்டாகி, இரண்டும் மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டன. பேரன் வேண்டும் என்று காத்திருந்த மாமியாரின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

அந்த வருஷம்தான் எங்கள் ஊருக்குப் பிரசவம் பார்க்க ஒரு நர்சை அனுப்பியிருந்தார்கள். முப்பது வயதைத் தாண்டியவர். கிறிஸ்தவர். தெருக்கோடியில் ஓர் ஓட்டு வீட்டில் தனியாகக் குடியிருந்தார். புருஷன் எங்கே என்று கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார். சாயங்காலம் ஆனால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வருவார். எத்தனை பிள்ளைகள், கடைசிப் பிள்ளைக்கு என்ன வயசு, வயிற்றில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வார். எங்கள் தெருவுக்கு அதெல்லாம் புதுசு. பிள்ளை பெறுவதை நிறுத்த சர்க்கார் ஏதோ மருந்து கொண்டுவந்திருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கணக்கெடுப்பு என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அந்தப் பேச்சு கிணற்றடியிலிருந்து களத்து மேடு வரைக்கும் போய்விட்டது.

இந்த நேரத்தில் ஒரு நாள் நர்சம்மா வீட்டுக்கு ஓர் ஆள் வந்து இறங்கினார். கையில் கோணி போட்டு மூடித் தைத்த பெரிய கூடை. ஒரு நாள் தங்கிவிட்டுப் போய்விட்டார். அண்ணன் என்றும், நீலகிரியில் ஏதோ எஸ்டேட் பங்களாவில் சமையல்காரர் என்றும் நர்சம்மா சொன்னார். எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை.

“அண்ணனாம் அண்ணன்! மூஞ்சியில ஒரு ஜாடையாவது கீதா?” என்றார் என் மாமியார்.

மறுநாள் மத்தியானம் நர்சம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பீங்கான் கிண்ணம். அதில் பழுப்பும் சிவப்புமாக ஏதோ பளபளவென்று இருந்தது. நெய்யும் ஏலக்காயும் கலந்த வாசனை. அண்ணன் கொண்டுவந்தது ஆப்பிள் பழமாம். பங்களாத் தோட்டத்தில் காய்த்த சின்னப் பழங்கள், பச்சையாகத் தின்றால் பல் கூசும் புளிப்பு. துண்டு துண்டாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, வெல்லம் போட்டுக் கிளறி, நெய்யில் சிவக்க வறுத்த ரவையை மேலே தூவியிருப்பதாகச் சொன்னார். ஒரு கூடைப் பழத்தை ஒருத்தியாக என்ன செய்வது, அழுகிப் போவதற்குள் எல்லோரும் சாப்பிடட்டும் என்று தெரு முழுக்கக் கொடுத்துக்கொண்டு வந்தாராம்.

ஆப்பிள் என்றால் அந்தக் காலத்தில் எங்களுக்குச் சீக்காளிகள் தின்கிற பழம். காஞ்சிபுரத்தில் என் அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது தலைமாட்டில் இரண்டு பழங்களைப் பார்த்ததுதான். அதை யாராவது வெல்லம் போட்டுக் கிண்டித் தெருவுக்கே பங்கு வைப்பார்களா? அதுவும், நோட்டில் பேர் எழுதிய வீடுகளாகப் பார்த்துப் பார்த்து? என் குழந்தை ஆசையாகக் கையை நீட்டினாள். நான் அவளைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். நர்சம்மா அதைப் பார்த்தார். இனிப்பை என் கையில் கொடுத்தார். கிண்ணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடும்படி கேட்டார்.

உள்ளே போனதும் மாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வாயில வெக்காதடி. ரெண்டு கலைஞ்சது போதாதா? உள்ள இன்னா மருந்தைக் கலந்துக்கினு வந்தாளோ! கொட்டிடாத, அப்பிடியே வெய்யி. உன் வூட்டுக்காரன் வந்தா நாலு பேர் கிட்ட காட்டட்டும்.”

எனக்கும் அதுவே சரி என்று பட்டது. மாமியார் சொன்னதால் மட்டும் இல்லை, நானே அப்படித்தான் நினைத்தேன். கலைந்துபோன இரண்டுக்கும் அந்த நர்சுக்கும் சம்பந்தமே கிடையாது, அவர் ஊருக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். இருந்தாலும் யார் மேலாவது பழியைப் போட்டால் மனசுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் கை பட்டதைச் சமையல் பாத்திரத்தில் போடக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். அதனால் பின்கட்டில் சும்மா கிடந்த பழைய பித்தளைச் சொம்பு ஒன்றை எடுத்து அதில் வழித்துப் போட்டேன். ஈயம் பூசிப் பல வருஷம் ஆகி, உள்ளே வெறும் பித்தளை தெரிந்த சொம்பு. தட்டைப் போட்டு மூடி, நெல் குதிரின் மேலே வைத்துவிட்டேன். என் கணவர் நெல் மூட்டைகளோடு உத்திரமேரூர் போயிருந்தார், அன்றைக்குத் திரும்பவில்லை.

மறுநாள் மத்தியானம் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து இறக்குகிறேன், குழந்தை பின்கட்டில் உட்கார்ந்து குமட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உரல் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் ஏறி, குதிரின் விளிம்பைப் பிடித்துச் சொம்பை இறக்கியிருக்கிறாள். வாயெல்லாம் இனிப்பு.

“யம்மா, வயிறு வலிக்குதுமா” என்றாள். அதற்குள் பச்சை பச்சையாக வாந்தி எடுத்தாள். நிறுத்தாமல் எடுத்தாள்.

நான் போட்ட கூச்சலில் மாமியார் ஓடிவந்தார். குழந்தையைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார், அப்படியே தெருவுக்கு ஓடினார்.

“அடிப்பாவி! பச்ச மண்ணுக்கு வெஷம் வெச்சிட்டியேடி! எல்லாரும் வாங்களேன், இவ பண்ண அக்கிரமத்தைப் பாருங்களேன்!”

நாலு வீட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒரு பெரியவர் நர்சம்மாவின் வாசலில் தடியை ஓங்கிக்கொண்டு நின்றதாகப் பிறகு சொன்னார்கள். அவரையும் விலக்கிக்கொண்டு நர்சம்மா நேராக எங்கள் பின்கட்டுக்கு ஓடிவந்தார். அவரைத் தடுக்க எழுந்தவள் நான்தான். என் தோளைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுக் குழந்தையை மடியில் வாரிப் போட்டுக்கொண்டார்.

“எப்ப சாப்ட்டா?”

“இப்பதான்.”

“நேத்து குடுத்தது இன்னும் இருந்துதா? எதுல வெச்சிருந்தே?”

நான் சொம்பை நீட்டினேன். அவர் உள்ளே விரலை விட்டுத் தேய்த்து வெளியே எடுத்தார். விரல் நுனி முழுக்கப் பச்சைக் களிம்பு. புளிப்பான பழம் ஒரு நாள் முழுக்க வெறும் பித்தளையில் ஊறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? மோரையும் புளியையும் அந்த மாதிரிப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது என்று சின்ன வயசிலேயே எனக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். இது மருந்து கலந்த பண்டம் என்று முடிவு கட்டியிருந்ததால், அதைச் சாப்பாடாகவே நான் நினைக்கவில்லை.

நர்சம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு நொடிதான். சுற்றி நின்றவர்கள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“பால் கீதா? சீக்கிரம் கொண்டா. வண்டி கட்டச் சொல்லு” என்றார்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரி வரைக்கும் மாட்டு வண்டியில் குழந்தை அவர் மடியில்தான் கிடந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பால் புகட்டினார், வாந்தி வரும்போதெல்லாம் தலையைத் தாங்கிப் பிடித்தார், அவர் வெள்ளைப் புடவை முழுக்க நனைந்துவிட்டது. சொன்னால் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பச்சைக் களிம்பைக் கண்ணால் பார்த்த பிறகும், வண்டியில் நான் அவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாலில் எதையாவது சேர்க்கிறாரா என்று.

டாக்டர் விவரம் கேட்டுவிட்டு என்னைப் பிடித்துத் திட்டினார். பிள்ளையின் உடம்பிலிருந்து விஷம் பெரும்பாலும் வெளியே வந்துவிட்டது, சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தாள் என்றார். பொழுது சாய்வதற்குள் குழந்தை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். நர்சம்மா அப்போதுதான் வராந்தாவில் போய் உட்கார்ந்தார்.  பக்கத்தில் போய் நின்றேன்.

“சொம்பு மேலதான் தப்புன்னு நீங்க அப்பவே அவங்க கிட்ட சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“நான் சொன்னா யாரு நம்புவா? நீ சொன்னாதான் நம்புவாங்க” என்றார். “சொல்லுவியா?”

சொல்கிறேன் என்று தலையை ஆட்டினேன். அவர் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. அப்படி நம்பிய முகமாக இல்லை.

மறுநாள் காலை குழந்தையோடு ஊர் திரும்பினோம். கோயில் எதிரே ஆண்கள் கூட்டம். நர்சை ஊரை விட்டு மாற்ற வேண்டும் என்று தாலுகா ஆபீசுக்கு மனு எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ராத்திரியே ஊர் திரும்பியிருந்த என் கணவரும் அங்கே நின்றுகொண்டிருந்தார். குழந்தையின் தகப்பன் கையெழுத்துதான் முக்கியமாம். நர்சம்மா யாரையும் பார்க்காமல் தன் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். உண்மையைச் சொன்னால், பெற்ற பிள்ளைக்கு விஷம் கொடுத்தவள் என்று மாமியார் என்னைத்தான் சொல்வார். இரண்டைப் பறிகொடுத்தவள், இருக்கிற ஒன்றையும் கொன்றிருப்பாள் என்று ஊர் பேசும். மனுவால் நர்சம்மாவுக்கு என்ன ஆகிவிடும், வேறு ஊருக்குப் போவார், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மத்தியானம் வரைக்கும் அப்படியே கிடந்தேன். கஞ்சி குடித்துக்கொண்டிருந்த குழந்தை, நர்சம்மா எங்கே, அவங்க மேல எல்லாம் வாந்தி எடுத்துட்டேனே, திட்டுவாங்களா என்று கேட்டாள். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை.

சொம்பை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு எதிரே போனேன். அத்தனை ஆண்கள் நடுவில் அதற்கு முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை. நாக்கு குழறியது. பண்டத்தில் ஒன்றும் இல்லை, நான் இதில் வைத்ததால்தான் களிம்பு ஏறியது, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். ஒருவர் சொம்பை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். என் பின்னாலேயே வந்த மாமியார் கத்தினார், “இன்னாடி உளர்றே? அவ எதையோ சொல்லிக் குடுத்துக்கீறா!”  என் கணவர் கையெழுத்துப் போடாமல் காகிதத்தை, எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த மனு போகவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நர்சம்மா வீட்டுக்குப் போய் மீதிப் பழத்தில் இனிப்பு செய்து தரச் சொன்னேன். பழத்தை நான் நறுக்கினேன், அவர் கிளறினார். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அதை எடுத்துக்கொண்டு வந்து என் வாசலில் நின்று எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டேன். இரண்டு வீட்டுப் பெண்கள் வந்து வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் கதவருகே நின்று பார்த்தார்கள். மாமியார் கடைசிவரை அவர் கையால் எதையும் தொடவில்லை. நர்சம்மா அதற்குப் பிறகு இரண்டு வருஷம் எங்கள் ஊரில் இருந்தார். எனக்கு அடுத்த பிரசவம் பார்த்தவரும் அவர்தான். அதுவும் பெண் குழந்தை.

சந்தேகப்பட்டதுகூட அறியாத வயசு, பயம் என்று மனசு ஒருவாறு மன்னித்துவிடுகிறது. ஆனால், எல்லாம் தெரிந்த பிறகும் அன்று காலையிலிருந்து மத்தியானம் வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அந்தச் சில மணி நேரத்துக்கு இத்தனை வருஷம் கழித்தும் என்னிடம் ஒரு சமாதானமும் இல்லை.